குட்டி நாயின் முதல் நடைக்கு ஒய் ஹார்னஸ்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எதை வாங்கலாம், எப்படிப் பழக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தீவனக் கடைக்குப் போய், "குட்டிக்குக் கட்ட ஏதாவது குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று கைக்கு வரும். இரும்புச் சங்கிலி; பொத்தானை அமுக்கினால் உள்ளே சுருளும் கயிற்றுப் பெட்டி; சட்டைபோல் மாட்டும் வலைத்துணி ஹார்னஸ். இந்த மூன்றையும்விட நல்லது ஒன்று உண்டு. நெஞ்சுக்கு முன்னால் ஒய் எழுத்துப்போல வார் பிரியும் ஹார்னஸ். சிறிய கடைகளில் எப்போதும் இருக்காது. ஈப்போவின் பெரிய செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் 25 முதல் 45 வெள்ளிக்குள் கிடைக்கும். அதோடு இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு ஒன்று. தோட்ட லயத்தில் பிறந்த குட்டியோ, தாமான் குடியிருப்பில் வளரும் குட்டியோ, முதல் நடைக்கு இந்த இரண்டைத்தான் வாங்கச் சொல்வோம்.

ஒய் ஹார்னஸின் அமைப்பு எளிது. கழுத்தின் இரு பக்கமும் இறங்கும் வார்கள் நெஞ்செலும்பின் மேல் ஒரு வளையத்தில் சேரும். அங்கிருந்து ஒரே வாராகி, முன்னங்கால்களுக்கு நடுவே புகுந்து, விலாவைச் சுற்றும் வாரோடு இணையும். குட்டி முன்னே பாய்ந்தால் இழுப்பு நெஞ்செலும்பில்தான் விழும், தொண்டை தப்பிக்கும். மலிவான ஹார்னஸ் பலவற்றில் நெஞ்சுக்குக் குறுக்கே கிடையாக ஒரு பட்டை ஓடும். கால் முன்னே நீள வேண்டிய இடத்தில்தான் அது போய் உட்காரும். வளர்கிற எலும்பின் மேல் தினமும் மாட்டுகிற பொருள் இது. அதனால்தான் இதில் பிடிவாதம் காட்டுகிறோம்.

இனி அளவு. வாங்கியவர்கள் "சரியில்லை" என்று மூலையில் போடுவதற்கு அளவுதான் பெரும்பாலும் காரணம். தையல் நாடா ஒன்றை எடுத்து, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பு அகன்ற இடத்தில் ஒரு சுற்று, கழுத்தின் அடியில் தோள் தொடங்கும் இடத்தில் ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள். பத்து வாரக் கம்பத்து நாட்டு நாய்க்குட்டிக்கு மார்புச் சுற்று பெரும்பாலும் 35 முதல் 42 சென்டிமீட்டர் வரும். வளர்ந்து முடிக்கும்போது 55ஐத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே ஹார்னஸ் பொருந்தாது. "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரியதாக வாங்கினால் முதல் நாளே தலைவழியே கழன்றுவிடும். பொட்டலத்தில் 36–52 என்று எழுதியிருந்தால், உங்கள் குட்டியின் அளவு அதன் கீழ்ப்பகுதியில், 38, 40 அளவில் விழ வேண்டும். அப்போதுதான் இரண்டு மாதமாவது தளர்த்திக்கொண்டே போக இடமிருக்கும்.

மாட்டிய பிறகு எல்லா வாருக்கும் அடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். விலா வார் அக்குளிலிருந்து இரண்டு விரல் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அக்குளோடு ஒட்டினால் நான்கு நாளில் முடி தேய்ந்து தோல் சிவக்கும். நைலான் வார் தானாகத் தளரும் குணமுள்ளது. சரியான இடம் கிடைத்ததும் கொக்கி நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், நழுவியிருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன்பே தெரிந்துவிடும். இரண்டிலிருந்து ஐந்து மாதம் வரை குட்டி வாரத்துக்கு வாரம் வளரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் விரல் விட்டுப் பாருங்கள். நன்றாக நடந்த குட்டி திடீரென்று நடக்க மறுத்தாலோ, நடு வழியில் உட்கார்ந்து விலாவைச் சொறிந்தாலோ, அதன் குணத்தைக் குறை சொல்லும் முன் வாரைப் பாருங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில. கயிறு மாட்டும் வளையம் பற்றவைத்ததா, வெறுமனே வளைத்து முனைகள் சந்திக்க விட்டதா? வளைத்தது விரிந்துவிடும். வளையத்தின் இரு பக்கமும் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறதா? ஒற்றைத் தையல் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து சில மாதத்தில் பிரியும். பிளாஸ்டிக் கொக்கியைப் பூட்டி, இரண்டு கையாலும் ஓங்கி இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார். வாரின் அகலம் குட்டிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போதும். முதுகில் ஒரு வளையம், நெஞ்சில் ஒரு வளையம் என இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். முதலில் பயன்படுவது முதுகு வளையம். ஐந்து மாதத்துக்குப் பிறகு இழுக்கத் தொடங்கும் குட்டிக்கு நெஞ்சு வளையத்தில் மாட்டினால், இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். நிறத்தில் சிக்கனம் வேண்டாம். காலை 7 மணிக்கு இங்கே இன்னும் மங்கல்தான். ஒளி பட்டால் மின்னும் நூல் ஓடிய வார், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும்.

மற்ற மூன்றைப் பற்றிச் சுருக்கமாக. சங்கிலி கழுத்தை இறுக்கும், குட்டியின் மூச்சுக்குழாய் இன்னும் மென்மையானது, அதன் எடையே தலையைக் கீழே இழுக்கும், வேண்டவே வேண்டாம். வலைத்துணி ஹார்னஸ் பார்வைக்கு அழகு, ஆனால் நம் வெப்பத்துக்கு ஆகாது. நனைந்தால் காயாது, அடியில் தோல் அவிந்து பூஞ்சை பிடிக்கும், உண்ணி ஒளிந்துகொள்ள நல்ல இடம். ஏசியில் வளரும் சின்னஞ்சிறு ஜாதிக் குட்டிக்குச் சிறிது நேரம் மாட்டலாம், அவ்வளவுதான். சுருளும் கயிற்றுப் பெட்டிதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. அந்தக் கயிறு எப்போதும் இலேசாக இழுபட்டே இருக்கும். இழுத்தால் நீளும் என்று குட்டி முதல் நாளே கற்றுக்கொள்ளும். நாம் கற்றுக்கொடுக்க நினைப்பதோ இழுத்தால் எதுவும் நடக்காது என்பதை. கை தவறிப் பெட்டி விழுந்தால், தார் ரோட்டில் கடகடவென்று குட்டியைத் துரத்திக்கொண்டே வரும். அதற்குப் பயந்து ஓடிய குட்டி பிறகு எந்தக் கயிற்றைக் கண்டாலும் பதுங்கும்.

கயிறு இரண்டு மீட்டர். அதைவிடக் குட்டையானால் குட்டி மோப்பம் பிடிக்க இடமிருக்காது, நீளமானால் காலில் சுற்றும். பருத்திக் கயிறு கைக்கு இதம், மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வரும். நைலான் மலிவு, இழுத்தால் உள்ளங்கையைக் கிழிக்கும். பிளாஸ்டிக் பூசிய வார் செம்மண்ணையும் சேற்றையும் ஒரு குழாய்த் தண்ணீரில் விட்டுவிடும். விலை கொஞ்சம் கூட, நனைந்தால் வழுக்கும், ஆனாலும் தோட்டப் பாதைக்கு இதுதான் எங்கள் தேர்வு. முனையில் உள்ள கொக்கி சிறியதாக இருக்கட்டும். பெரிய நாய்க்கான கனத்த கொக்கி நான்கு கிலோ குட்டியின் தோளில் ஒவ்வோர் அடிக்கும் இடிக்கும்.

கழுத்துப் பட்டையும் தேவைதான், கயிறு மாட்டுவதற்காக இல்லை. நகராண்மைக் கழகத்தின் நாய் உரிம வில்லையையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் அதில்தான் தொங்கவிட வேண்டும்.

ஹார்னஸ் வந்த அன்றே மாட்டி ரோட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள். முதல் நாள் கழுத்து வளையத்துக்குள் உங்கள் கையை விட்டு, மறுபக்கம் ஒரு துண்டு கோழியைப் பிடியுங்கள். குட்டியே தலையை நீட்டி எடுக்கட்டும். நீங்களாகத் தலையில் கவிழ்த்தால் அடுத்த முறை நாற்காலிக்கு அடியில் போய் ஒளியும். பத்துப் பன்னிரண்டு தடவை தானாக நுழைத்த பிறகு கொக்கியைப் பூட்டி, அந்தக் 'கிளிக்' சத்தத்தோடு இன்னொரு துண்டு கொடுத்து, கழற்றிவிடுங்கள். அடுத்த நாள் ஐந்து நிமிடம் மாட்டிவிட்டு விளையாட விடுங்கள். அதற்கு அடுத்த நாள் கயிற்றையும் மாட்டி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வீட்டுக்குள் இழுத்துத் திரிய விடுங்கள்.

தீனிக்கு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி போதும், உப்பில்லாமல். பட்டாணி அளவில் நறுக்கினால் 50 கிராமில் சுமார் நூறு துண்டு வரும். நெத்திலி கொடுப்பதானால் ஊறவைத்து, கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டி உப்பைப் போக்கிவிட்டுக் கொடுங்கள். கறிக் குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக்கூடாது.

போர்ட்டிகோவில் நடை பழக்குங்கள். கயிறு தொய்வாக இருக்கும்போது "சரி" என்று சொல்லி, ஒரு நொடிக்குள் உங்கள் இடது காலோரம் தீனியைக் கொடுங்கள். தீனி எங்கே வருகிறதோ அங்கேதான் குட்டி நடக்கும். கையை முன்னே நீட்டிக் கொடுத்தால் முன்னே ஓடும். கயிறு இறுகினால் நின்றுவிடுங்கள். திரும்ப இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். குட்டி திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் "சரி", மறுபடி நடை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அரை மணி நேரம் தொடர்ந்து பழக்கினால் பாதிக்கு மேல் வீண், களைத்த குட்டி கயிற்றைக் கடிக்கத் தொடங்கும். "உட்காரு", "வா", "விடு" என்ற மூன்றும் இந்தக் கட்டத்துக்குப் போதும். வீட்டில் அப்பா ஒரு சொல், பிள்ளைகள் ஒரு சொல், பாட்டி ஒரு சொல் என்று கூப்பிட்டால் குட்டி எதையும் பிடித்துக்கொள்ளாது. மூன்றையும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். "வா" என்று கூப்பிட்டு, வந்ததும் கட்டிப்போடுவதோ குளிப்பாட்டுவதோ கூடவே கூடாது.

வெளியே எப்போது இறக்குவது என்பதில் இரண்டு அவசரங்கள் மோதுகின்றன. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ முடிய வேண்டும். அதுவரை பார்வோ கிருமிக்குக் குட்டி இரையாகலாம். தெருநாய் மலம் விழுந்த மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரத்தோடு மூடத் தொடங்கிவிடும். நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்தால் கிருமி அண்டாது, பயம் அண்டிவிடும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஏழு நாளானால், ஏழெட்டு வாரக் குட்டியையே சுத்தமான இடத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்றது. அப்படிப்பட்ட வகுப்பு தோட்டப் பட்டணத்தில் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் குட்டிக்கு ஹார்னஸை மாட்டி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தூக்கிக்கொண்டே போங்கள். கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இதற்குச் சுங்கை சிப்புட் வசதியான ஊர். ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்தி, ஈ.டி.எஸ். மின்சார ரயில் வரும் சத்தத்தைக் கேட்க விடலாம். காலையில் மகாத்மா காந்தி கலாசாலைக்குப் பிள்ளைகள் போகும் நேரத்தில், எதிர்ப்பக்கம் தூரத்தில் நின்று பேருந்தையும் சீருடைக் கூட்டத்தையும் பார்க்க விடலாம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, புல்வெட்டும் இயந்திரம், கோயில் பக்கம் உறுமி மேளம் எல்லாம் தூரத்தில் தொடங்கட்டும். குட்டி தீனியைச் சாப்பிடுகிறதா என்பதுதான் அளவுகோல். சாப்பிடாமல் வாயை மூடி விறைத்தால் மிகக் கிட்டே வந்துவிட்டீர்கள், இருபது அடி பின்வாங்குங்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் தரையில் இறக்கலாம். தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு எலிக்காய்ச்சல் ஊசியையும் கட்டாயம் கேளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த குட்டைத் தண்ணீர்தான் அதன் வழி. முதல் முறை இரண்டு ஊசி, இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில். முதல் நடை பத்து நிமிடம். தூரம் முக்கியமில்லை, ஒரே மின்கம்பத்தைச் சுற்றி மோப்பம் பிடித்தே பத்து நிமிடமும் போனால் அது நல்ல நடை. காலை எட்டுக்குள் முடியுங்கள், அல்லது மாலை ஆறரைக்குப் பிறகு கிளம்புங்கள். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது.

தோட்டப் பாதையில் ஹார்னஸ் மட்டும் காப்பாற்றாத ஆபத்துகள் உண்டு. செம்பனை மட்டையின் அடிமுள் பாதத்தில் ஏறி ஒடிந்தால் வெளியே தெரியாது. வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசைகள் எலிக்கும் நாகத்துக்கும் வீடு. மூக்கை அங்கே நுழைக்க விடாமல் பாதையின் நடுவிலேயே நடத்துங்கள். மரத்தடியில் எலிக்கு வைக்கும் நிற மெழுகுக் கட்டி இரத்தத்தை உறையவிடாத மருந்து. தின்ற அன்று குட்டி குதித்து விளையாடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், இரத்தம் கசியும். தின்றது தெரிந்த உடனே, மீதிக் கட்டியையோ உறையையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் கேள்வி. களைக்கொல்லிகளில் பாராகுவாட் 2020 தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகளின் தெளிப்பு தொடர்கிறது. முதுகில் தெளிப்பான் சுமந்து ஆள் போவதைப் பார்த்தாலோ, புல் மஞ்சளடித்துக் கிடந்தாலோ வேறு பாதை பாருங்கள், வீடு வந்ததும் பாதத்தைக் கழுவுங்கள். "விடு" என்ற சொல்லைப் போர்ட்டிகோவிலேயே உறுதியாகப் பழக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நடு வழியில் குட்டி உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். ஹார்னஸை இழுத்தால் வலிக்காது என்பதால்தான் பலரும் இழுக்கிறார்கள், குட்டியோ அந்த இடத்தையே வெறுக்கத் தொடங்கும். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து காத்திருங்கள், ஓர் அடி வந்தால் தீனி. வரவில்லையென்றால் தூக்கிக்கொண்டு வீடு திரும்புங்கள், மறுநாள் அந்த இடத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். மோட்டார் சைக்கிளைத் துரத்தும் பழக்கம் குட்டிப் பருவத்திலேயே வேர்விடும். வண்டி இருபது மீட்டரில் வரும்போதே ரோட்டோரம் ஒதுங்கி, கடந்து போகும்வரை துண்டு துண்டாகத் தீனி கொடுங்கள். வண்டி போனதும் நிறுத்துங்கள். சில வாரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதுமே குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும். தெருநாய்க் கூட்டம் தெரிந்தால் ஓடாமல், கண்ணைப் பார்க்காமல், கைநிறையத் தீனியை அவற்றின் பக்கம் வீசிவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

மலாய் அண்டை வீட்டார் எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, குட்டியை உங்கள் மறுபக்கம் உட்கார வையுங்கள். ஈர மூக்கு பட்டால் அவர்கள் சமாக் செய்து, அதாவது இஸ்லாமிய முறைப்படி மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிட மரியாதையால் தாமானில் நாய் வளர்ப்பதே எளிதாகும், "உட்காரு" பயிற்சிக்கும் நல்ல தருணம்.

ஒய் ஹார்னஸிலும் குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. பயந்த குட்டி பின்பக்கமாக இழுத்தால் முழு ஹார்னஸும் தலைவழியே கழன்று வரும். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று இழுக்க இழுக்க இன்னும் சீக்கிரம் கழலும். அப்போது குட்டி போகும் திசையிலேயே இரண்டு அடி நகர்ந்து கயிற்றைத் தளர்த்துங்கள். ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப் பட்டையையும் சேர்க்கும் சிறு இணைப்பு வார் ஒன்றை மாட்டிவிட்டால் ஹார்னஸ் கழன்றாலும் பட்டை பிடித்துக்கொள்ளும். தீபாவளி நெருங்கும் வாரங்களில் இது இல்லாமல் வெளியே போகாதீர்கள். பட்டாசு வெடிக்கும் மாலை நேரத்தில் நடையே வேண்டாம். இன்னொன்று, ஹார்னஸ் இழுப்பை நிறுத்தித் தராது. நின்று நின்று பழக்காமல் வெறுமனே மாட்டினால், வலியில்லாமல் சௌகரியமாக இழுக்கத்தான் குட்டி கற்றுக்கொள்ளும்.

பராமரிப்பு குறைவு. ஒவ்வொரு நடைக்கும் பிறகு கழற்றி, வாரின் அடியிலும் அக்குளிலும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். வெயில் நைலானை நொறுக்கும். வீட்டிலிருக்கும்போது மாட்டியே விடாதீர்கள், கடித்துத் துண்டாக்கும். மார்க்கர் கோடு வாரின் கடைசி முனைக்கு வந்ததும் அடுத்த அளவை வாங்குங்கள். பழையதை லயத்தில் வேறு குட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம், கொதிநீரில் அலசிய பிறகு. பல் பட்டு நூல் பிரிந்த இடம் ஒன்று இருந்தாலும் கொடுக்காமல் வெட்டிப் போட்டுவிடுங்கள்.